லிண்டேமன் சொல்லாத பத்து விழுக்காடு

மேல்நிலை உயிரியல் படிக்கும் மாணவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பத்து விழுக்காடு விதியை ஒப்பிப்பார். புல்லில் 1,000 ஜூல் இருந்தால் வெட்டுக்கிளிக்கு 100, தவளைக்கு 10, பாம்புக்கு 1. வகுத்தவர் லிண்டேமன், ஆண்டு 1942. ஒரு மதிப்பெண் வினாவுக்கு இது போதும். ஆனால் 1942இல் அச்சான அந்தக் கட்டுரையை எடுத்து முழுவதும் படித்தால், அப்படியொரு விதி அதில் இல்லை. அதில் இருப்பது ஏறக்குறைய நேர்மாறான ஒரு கூற்று. அப்படியானால் இந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

எது எதைத் தின்கிறது என்பதை ஒழுங்கான கணக்காக்கியதில் சார்லஸ் எல்ட்டனுக்குப் பெரும் பங்குண்டு. 1921இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவராக அவர் ஆர்க்டிக்கின் ஸ்பிட்ஸ்பெர்கனுக்குச் சென்ற ஆய்வுக்குழுவில் இருந்தார். மரமில்லாத நிலம், உயிரின வகைகளும் சொற்பம். வெப்பமண்டலக் காட்டில் தலைசுற்ற வைக்கும் கேள்வியை அங்கே விரல்விட்டு எண்ணிப் பார்க்க முடிந்தது. தாவரவியலாளர் சம்மர்ஹேஸுடன் சேர்ந்து 1923இல் வெளியிட்ட கட்டுரையில், அம்புக்குறிகளால் இணைத்த ஒரு உணவுப் படம் உண்டு. எல்ட்டன் விரும்பிச் சொல்லும் உதாரணம் ஆர்க்டிக் நரி. கோடையில் அது பறவைகளைப் பிடித்துத் தின்னும். குளிர்காலத்தில் பனிக்கரடி தின்று மிச்சம்வைத்த சீலையும், கரடியின் கழிவையும்கூடத் தின்று காலம் தள்ளும். ஒரே விலங்கு, பருவத்துக்கு ஒரு சங்கிலி.

1927இல் வந்த அவருடைய விலங்குச் சூழலியல் நூல், உணவுச் சங்கிலியையும் எண்ணிக்கைப் பிரமிடையும் துறையின் அன்றாடச் சொற்களாக்கியது. ஆனால் எல்ட்டன் எண்ணியது தலைகளை. தலைக்கணக்கில் ஒரு பெரிய மரமும் அதன் இலையில் ஒட்டியிருக்கும் ஓர் அசுவினியும் ஆளுக்கு ஒன்றுதான். மரத்தை அடியில் வைத்தால் பிரமிடு தலைகீழாகிவிடும். அளவுகோல் மாறவேண்டியிருந்தது.

அதற்கு முன் இன்னொரு மாற்றம் தேவைப்பட்டது. உயிருள்ளவற்றையும் மண், நீர், ஒளி ஆகியவற்றையும் ஒரே பேரேட்டில் எழுத 1935இல் ஆர்தர் டான்ஸ்லி வழிசெய்தார். சூழல்மண்டலம் என்று நாம் தமிழாக்கும் கருத்து அது. அந்த ஆங்கிலச் சொல்லை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் கிளாப்ஹாம் என்ற இளம் தாவரவியலாளர். பாடநூல்களில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பெயர் ஒட்டுவதில் இந்தத் துறை ஆரம்பம் முதலே கொஞ்சம் அலட்சியமானது.

ரேமண்ட் லிண்டேமன் தேர்ந்தெடுத்தது மின்னசோட்டாவின் சீடார் பாக் ஏரி. ஏரி என்பதே மரியாதைக்குத்தான். ஆழம் சுமார் 1 மீட்டர். தூர்ந்து சதுப்பாகிக்கொண்டிருந்த நீர்நிலை. குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி மூடி, அடியில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அந்த நாட்களை அடிச்சேற்றுப் புழுக்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதற்கே அவர் தனியாகச் சோதனை செய்திருக்கிறார். பல ஆண்டுகள் சேற்றையும் மிதவை உயிரிகளையும் அள்ளி அளந்தபின், ஒவ்வொரு கூட்டத்தின் வளர்ச்சி, சுவாசத்தில் எரிந்தது, தின்னப்பட்டது, மட்கியது எல்லாவற்றையும் கலோரியாக்கினார். தலைக்கணக்கு இப்படித்தான் ஆற்றல் கணக்கானது.

கிடைத்த எண்கள் இவை. சூரிய ஒளியில் உற்பத்தியாளர்கள் பிடித்துக்கொண்டது 0.10 விழுக்காடு. அதிலிருந்து முதல்நிலை நுகர்வோருக்குப் போனது 13.3. அடுத்த நிலைக்கு 22.3. ஒப்பிட அவர் எடுத்துக்கொண்ட விஸ்கான்சினின் மெண்டோட்டா ஏரியில் வரிசையாக 0.40, 8.7, 5.5, 13.0. இரண்டு ஏரிகளிலும் ஓர் இடத்தில்கூடப் பத்து இல்லை. மெண்டோட்டாவில் நடுவே ஒரு சறுக்கல் இருந்தும் லிண்டேமன் எடுத்த முடிவு, மேல் மட்டத்துக்குப் போகப்போக உணவைப் பயன்படுத்தும் திறன் கூடுகிறது என்பது. மாறாத விகிதம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

கட்டுரை எளிதில் அச்சேறவுமில்லை. பரிசீலித்த இரு மூத்த ஏரியியலாளர்கள், தரவு போதாது, கோட்பாடு மிகுதி என்று நிராகரிக்கச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் சான்சி ஜூடே. மெண்டோட்டா எண்களுக்கு லிண்டேமன் நம்பியிருந்ததே ஜூடேயின் தரவைத்தான்! யேல் பல்கலைக்கழகத்தின் ஹட்சின்சன் விடாமல் வாதாடியதால் இதழாசிரியர் இறங்கிவந்தார். 1942 அக்டோபரில் கட்டுரை வெளியானபோது லிண்டேமன் உயிரோடு இல்லை. ஜூன் மாதமே நோயால் இறந்திருந்தார். வயது 26.

பத்துக்கு வேறொரு தந்தை உண்டு. ஹட்சின்சனின் மாணவர் லாரன்ஸ் ஸ்லோபோட்கின் 1950களின் பிற்பகுதியில் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார். அளந்து பாசி ஊட்டுவார். பின் தானே கொன்றுண்ணியாக நடித்து, குறிப்பிட்ட பங்கை அள்ளி வெளியே எடுப்பார். தின்ற ஆற்றலில் எவ்வளவு இப்படி அறுவடையாகிறது என்று பார்த்தால் பத்துக்குப் பக்கத்தில் வந்தது. லிண்டேமன் கணக்கிட்டது உடலில் சேர்ந்த ஆற்றலின் விகிதம். இவர் கணக்கிட்டது வேறொரு விகிதம். இரண்டையும் ஒரே பெயரில் கட்டிப்போட்டது பின்வந்த சுருக்க நூல்களின் வேலை என்றே எனக்குப் படுகிறது. பத்தால் வகுக்கக் கால்குலேட்டர் தேவையில்லை என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

தன் எண் விதியாக உறைவதை ஸ்லோபோட்கினே விரும்பவில்லை. சூழலியல் திறன் ஒரு மாறிலி அல்ல என்பதைத் தலைப்பிலேயே அறிவித்து 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். பாடநூல்கள் அசையவில்லை. 1995இல் பாலியும் கிறிஸ்டென்சனும் 48 நீர்ச்சூழல் மாதிரிகளைத் தொகுத்தபோது சராசரி 10.1 என்று வந்தது. பத்தின் ஆதரவாளர்கள் அதை மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். அந்தச் சராசரிக்குள் ஒற்றை இலக்க மதிப்புகளும் உண்டு, இருபதைத் தாண்டியவையும் உண்டு.

அதற்காகத் தேர்வுத்தாளில் லிண்டேமன் பெயருக்கு நேரே 13.3 என்று எழுதினால் மதிப்பெண் விழாது. மாணவர் இப்போதைக்குப் பத்து என்றே எழுதட்டும்.