ஜிப்ஸியும் ஜிம்னியும்: ஒரே வாசலில் இரண்டு வண்டி

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மகள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்பா, நாளைக்கு சக்ராதா போறோம். ஜிப்ஸியை எடுத்துக்கட்டுமா?"

"ஜிம்னியை எடுத்துக்கோம்மா."

"நாங்க ஆறு பேர்ப்பா. அதுல நாலு சீட்டுதானே?"

"அப்ப கூட ஒரு டாக்ஸி வச்சுக்கோங்க. ஜிப்ஸி வேண்டாம்."

"ஏன்? சின்ன வயசுல என்னையும் தம்பியையும் அதுலதானே பின்னாடி உட்கார வச்சு மலையெல்லாம் ஏத்திட்டுப் போனீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. தங்கமணி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம் :-)

டேராடூனில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு வண்டி நிற்கிறது. ஒன்று 2003 மாடல் மாருதி ஜிப்ஸி. ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவரிடம் 2006-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. இன்னொன்று 2023 கடைசியில் புதுசாக எடுத்த ஜிம்னி. இருபது வருஷ இடைவெளி. ஆனால் இரண்டும் குர்காவ்னில் பிறந்தவை, ஒரே வம்சம். பழசு உசத்தியா, புதுசு உசத்தியா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அதற்கும் மகள் கேட்டதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்த வம்சத்தின் கதையிலிருந்து வரவேண்டும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

கதை ஜப்பானில் ஆரம்பிக்கிறது. அங்கே சின்ன வண்டிகளுக்கென்று தனிச் சட்டம், குறைந்த வரி. 1960-களில் அந்தச் சலுகை வேண்டுமென்றால் எஞ்சின் 360 சிசிக்குள், நீளம் 3 மீட்டருக்குள் இருக்கவேண்டும். ஹோப் என்ற சின்னக் கம்பெனி ஒன்று இந்த அளவுக்குள்ளேயே ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியைச் செய்து பார்த்தது. வண்டி ஓடியது, வியாபாரம் ஓடவில்லை. 1968-ல் அதன் உரிமையை சுசுகி வாங்கி, தன்னுடைய ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் போட்டு, 1970 ஏப்ரலில் எல்ஜே10 என்ற பெயரில் வெளியே விட்டது. ஸ்டெப்னியைப் பின்னால் வெளியே மாட்டினால் நீளம் 3 மீட்டரைத் தாண்டிவிடும் என்று, அதை உள்ளே ஒரு ஆள் உட்காரும் இடத்தில் வைத்தார்களாம். அதனால் மூன்று பேர்தான் போகலாம். நம்ம ஊரில் ஸ்டெப்னி மேலேயே நாலாவது ஆளை உட்கார வைத்திருப்போம் :-)

கனம் குறைவு, அளவு சின்னது. இந்த வம்சத்தின் பலமே இதுதான். பெரிய ஜீப் சேற்றில் புதையும் இடத்தில் இது மேலாப்பில் போய்விடும். எஞ்சின் மட்டும் படிப்படியாகப் பெரிதானது. 1981-ல் வந்த எஸ்ஜே410-ல் நாலு சிலிண்டர், 970 சிசி. நம்ம ஜிப்ஸிக்கு நேர் அப்பா இதுதான்.

இந்தியாவில் அதே 1981-ல்தான் மாருதி உத்யோக் அரசாங்கக் கம்பெனியாகத் தொடங்கியது. 1982 அக்டோபரில் சுசுகியோடு ஒப்பந்தம், 1983 டிசம்பர் 14-ல் முதல் மாருதி 800, அடுத்த வருஷம் ஆம்னி. 1985 டிசம்பரில் ஜிப்ஸி. அதுவரை இந்தியாவில் ஜீப் என்றால் மஹிந்திராதான். 1940-களின் கடைசியிலிருந்து வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்றவர்கள் அவர்கள். அந்த ஜீப்புக்கு நடுவில், 45 குதிரைத்திறனும் நாலு கியருமாக, பெட்ரோலில் ஓடுகிற இந்தச் சின்ன வண்டி வந்து நின்றபோது பொம்மை மாதிரி இருந்திருக்கும்.

பொம்மை ராணுவத்துக்குப் போனது. போலீஸுக்குப் போனது. ரணதம்போர், கார்பெட், கன்ஹா என்று புலி பார்க்கப் போனவர்கள் எல்லோரும் இதில் ஏறித்தான் பார்த்தார்கள். ராணுவத்துக்கு இது பிடித்துப்போகக் காரணம் இருக்கிறது. துணிக்கூரை ஜிப்ஸியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. சிக்கிக்கொண்டால் ஜவான்கள் சேர்ந்து தள்ளியே வெளியே எடுத்துவிடலாம். கடுங்குளிரில் டீசல் கெட்டியாகி வண்டி மக்கர் பண்ணும்போது பெட்ரோல் எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

1996-ல் எஞ்சின் 1.3 லிட்டராகி 'ஜிப்ஸி கிங்' வந்தது, கூடவே ஐந்தாவது கியரும். 2000-ல் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்ஷன் வந்தது, 80 குதிரைத்திறன். என்னுடையது இந்த ரகம்.

அதற்கப்புறம் ஜிப்ஸி அப்படியே நின்றுவிட்டது. உலகம் மாறியது, அது மாறவில்லை. 2017-ல் ராணுவம் 3,192 டாடா சஃபாரி ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 800 கிலோ சுமக்கவேண்டும், கெட்டிக்கூரை வேண்டும், ஏசி வேண்டும் என்று எதிர்பார்ப்பே மாறிவிட்டது. 2019 ஏப்ரலில் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம், ஜூலையில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம், அக்டோபரில் மோதல் சோதனை. 33 வருஷத்துக்கு மேல் விற்ற ஜிப்ஸி, பொது விற்பனையிலிருந்து அந்த வருஷமே விடைபெற்றது. ராணுவத்துக்கு மட்டும் விதிவிலக்கோடு அதன்பிறகும் போனது.

ஜிம்னி? ஜப்பானில் இந்த வம்சத்துக்கு 1970-லிருந்தே அதுதான் பெயர். நாலாவது தலைமுறை 2018-ல் அங்கே வந்தது. அதன் ஐந்து கதவு உருவம் 2023 ஜனவரியில் ஆட்டோ எக்ஸ்போவில் காட்டப்பட்டு ஜூனில் விற்பனைக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை. 1985-ல் ஜப்பானிலிருந்து பாகங்கள் வந்து இங்கே பூட்டிய வண்டியின் வாரிசு, 2025-ல் இங்கே செய்யப்பட்டு ஜப்பானுக்கே போனது. நாலே நாளில் சுமார் 50,000 பேர் பதிவு செய்ய, சுசுகி புக்கிங்கையே நிறுத்தி வைத்தது.

சரி, ரெண்டையும் வைத்திருக்கிறவனின் அனுபவத்துக்கு வருகிறேன்.

சக்ராதாவிலிருந்து தேவ்பன் போகும் காட்டுப் பாதை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். கல்லும் பள்ளமும் மழையில் சேறுமாக. ரெண்டு வண்டியிலும் போயிருக்கிறேன். நம்பினால் நம்புங்கள், மேலே போய்ச் சேருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏனென்றால் அடிப்படை ஒன்றுதான். ஏணி மாதிரி ஒரு சேஸிஸ், முன்னும் பின்னும் முழுசாக ஒரே தண்டாக ஆக்ஸில், கியர் லீவர் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர். அதில் 2எச், 4எச், 4எல் என்று மூன்று நிலை. 4எல் போட்டால் வேகம் செத்துவிடும், இழுவை கூடும். தரையிலிருந்து உயரம்கூட ரெண்டுக்கும் அதே 210 மில்லிமீட்டர். ஜிப்ஸி ஓட்டியவன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஜிம்னியில் அந்த லீவரைப் பிடிப்பான்.

வித்தியாசம் வழியில்தான். ஜிப்ஸியில் நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். வண்டி கனமில்லாததால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்கு நேரே வந்து ஆஜர் சொல்லும். பவர் ஸ்டியரிங் இல்லை, தேவ்பன் போய் வந்தால் மறுநாள் தோள் வலிக்கும். ஜிம்னியில் சுருள் ஸ்பிரிங், ஒரு விரலில் திரும்பும் ஸ்டியரிங். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் அந்தரத்தில் நின்று சுற்றினால் ஜிப்ஸி அங்கேயே நிற்கும், நான் இறங்கிக் கல் பொறுக்கி அண்டக் கொடுக்கவேண்டும். ஜிம்னி சுற்றுகிற சக்கரத்துக்குத் தானே பிரேக் போட்டு, தரையில் இருக்கிற சக்கரத்துக்கு இழுவையை அனுப்பிவிடும். நான் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம்.

ரிப்பேர் என்று வந்தால் ஜிப்ஸிக்குத்தான் மார்க். பக்கத்து மிஸ்திரி ஒரு ஸ்பேனர் செட்டை வைத்துக்கொண்டே முக்கால்வாசி வேலையை முடித்துவிடுவார். எஞ்சின் மூடியைத் திறந்தால் எது எது எங்கே என்று எனக்கே தெரியும். ஜிம்னியில் விளக்கு ஒன்று எரிந்தால் கம்ப்யூட்டரை மாட்டித்தான் கேட்கவேண்டும். பதினைந்து வருஷத்தில் வண்டி என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஜிப்ஸிதான். அதை மறக்கமாட்டேன்.

ஆனால் மகளுக்கு ஞாபகமில்லாத ஒன்று எனக்கு ஞாபகமிருக்கிறது.

2009 ஆகஸ்ட். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார்கள். தேவ்பன் காட்டிவிட்டுத் திரும்பி இறங்குகிறோம். முன்னால் நானும் தங்கமணியும், அவள் மடியில் பையன். பின்னால் ரெண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும் பெஞ்சு சீட்டில் அம்மாவும், ஏழு வயசு மகளும். அந்த சீட்டில் பெல்ட் கிடையாது. மழை தூறி, தேவதாரு இலையெல்லாம் பாதையில் சோப்பு மாதிரி கிடந்தது. 4எல் போட்டு எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கியிருக்க வேண்டும். சோம்பேறித்தனம், போடவில்லை. ஒரு வளைவில் சுமையோடு ஒரு கோவேறு கழுதை எதிரே வந்தது. பிரேக்கை அழுத்தி மிதித்தேன்.

நாலு சக்கரமும் பூட்டிக்கொண்டன. பூட்டிய சக்கரம் திரும்பாது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் வழுக்கும். பத்தடி வழுக்கி, நல்லவேளையாக மலைப்பக்கத்து மண்ணில் மூக்கு குத்தி நின்றது. இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு. அம்மாவுக்கு முட்டியில் அடி. மகளுக்கு நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். "ஒண்ணுமில்லடா, மெதுவா போ" என்று அம்மா சொன்னார்கள். வீடு வரை யாரும் பேசவில்லை.

தப்பு வண்டியுடையது அல்ல, என்னுடையது. ஆனால் ஏபிஎஸ் என்பது என் மாதிரி ஆள் தப்புப் பண்ணும் அந்த ஒரு விநாடிக்காகத்தான். சக்கரம் பூட்டப்போகும்போதே பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும், ஸ்டியரிங் கேட்கும். ஜிம்னியில் அது இருக்கிறது, ஆறு ஏர்பேக் இருக்கிறது, நாலு சீட்டுக்கும் பெல்ட் இருக்கிறது. அதற்காக அது இரும்புக் கோட்டை இல்லை. மூன்று கதவு ஜிம்னிக்கு 2018-ல் ஐரோப்பியச் சோதனையில் கிடைத்தது ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான். இருந்தாலும் 2009-ல் எங்களிடம் இருந்ததைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த வம்சத்தின் ஐம்பது வருஷக் கதையிலிருந்து எனக்குத் தெரிவது இதுதான். மலை ஏறும் வித்தை 1970-லேயே பெரும்பாலும் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் மாறியது, உள்ளே உட்காருகிறவர்களின் உயிருக்கு வண்டி எவ்வளவு பொறுப்பெடுக்கிறது என்பதுதான். பழைய வண்டியில் அந்தப் பொறுப்பு முழுக்க ஓட்டுகிறவன் தலையில். அதனால்தான் அது ஓட்டக் கற்றுக்கொடுக்கிறது. அதனால்தான் அதில் ஊரை ஏற்றிக்கொண்டு போகக்கூடாது.

ஜிப்ஸியை விற்கப்போவதில்லை. 2018-லும் 2023-லும் பதிவைப் புதுப்பித்தேன், அடுத்தது 2028. இருபது வருஷம் தாண்டிய கார்களுக்குக் கட்டணத்தை 2025-ல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். தங்கமணி முறைப்பார், கட்டிவிடுவேன். ஆனால் பின் பெஞ்சில் இனி மளிகைச் சாமானும் தொட்டிச் செடியும்தான்.

அன்று ராத்திரி மகளிடம் அந்த 2009 கதையை முதல்தடவையாக முழுசாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். "இதை ஏன்ப்பா இத்தனை நாள் சொல்லலை?" என்றாள். வெட்கம்தான் என்றேன். மறுநாள் ஜிம்னியும் ஒரு டாக்ஸியுமாகப் போய் வந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அவளும் மட்டும் ஜிப்ஸியில், முன் சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு, தண்ணீரில்லாத ஆற்றுப் படுகைக்குப் போனோம். ஓட்டியது அவள். முதல் பள்ளத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டாள்.

"4எல் போடும்மா" என்றேன்.