கண்ணனும் கன்றும்: படியெடுத்துக் கற்ற ஓவியம்

மல்லாங்கிணறு போன்ற கரிசல் ஊர்களில் ஆண்டு முடிந்த பின்னும் நாட்காட்டிப் படத்தை எளிதில் எறிந்துவிடுவதில்லை. கன்றின் கழுத்தைத் தழுவி நிற்கும் குழந்தைக் கண்ணன் சட்டமிடப்பெற்றுப் பூசை மாடத்தில் இடம்பெற்றுவிடுவான். சிவகாசியில் அச்சாகி வரும் இத்தகைய படங்களுக்குப் பின்னே ஒரு கல்வி மரபு உண்டு. பார்த்துப் படியெடுத்துக் கற்கும் அம்மரபைக் கலை வரலாறு எழுதியோர் உரிய அளவு மதிக்கவில்லை என்பது என் கருத்து.

எண்ணெய் வண்ணம் நம்மவர்க்கு எளிதில் எட்டாத வித்தையாக இருந்த காலம் ஒன்றுண்டு. திருவனந்தபுரத்தில் அதனைக் கற்க விழைந்த இரவிவர்மாவுக்கு (1848–1906) மதுரையைச் சேர்ந்த அரசவை ஓவியர் இராமசாமி நாயக்கர் கற்பிக்க மறுத்தார். நாயக்கரின் மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளையே மறைவாக உதவினார் என்பர். 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனோ தாம் வரைவதைப் பார்க்க மட்டும் இசைந்தார். பார்த்ததைத் தனித்து வரைந்து வரைந்தே இரவிவர்மா தேறினார். அவருடைய 'அதோ அப்பா வருகிறார்' (1893) என்னும் ஓவியத்தில் தாயின் கையில் குழந்தையும் அருகே ஒரு நாயும் உள்ளன. மறுஆண்டு அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். மூலம் அரண்மனையில் இருந்தது. படியோ ஊர்தோறும் சென்றது. கற்க விரும்பியவனுக்கு அந்த அச்சுப்படமே ஆசான் ஆயிற்று.

நம் பக்கத்தில் அக்கல்வியை வளர்த்தவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். சில காலம் இரமணாசிரமத்தில் வாழ்ந்தவர். நாடகக் குழுவுக்குச் 'சீன்' எழுதியவர். 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலியோர் அவரிடம் பயின்றனர். 1923இல் தீப்பெட்டித் தொழில் தொடங்கி, அதன் ஒட்டுப்படங்களால் வண்ண அச்சில் வளர்ந்த சிவகாசி, இவர்தம் கைகளுக்கு வேலை தந்தது.

படியெடுப்பது எளிய வேலை என்போர் ஒருமுறை செய்து பார்க்கட்டும். மூலத்தில் கட்டமிட்டு, அதே விகிதத்தில் துணியில் பெரிதாக்குவது தொடக்கந்தான். கன்றின் உரோமத்துக்குத் தூரிகைத் தடம் தெரிய வேண்டும். குழந்தையின் கன்னத்திலோ அத்தடம் மறைய வேண்டும். புதியவர் வெள்ளைக் கன்றுக்கு வெறும் வெள்ளையைப் பூசிச் சுண்ணாம்புச் சுவராக்கிவிடுவர். நீலமேனி அருகிருந்தால் வெண்மையிலும் நீலச் சாயல் ஏறும். ஆளிவிதை எண்ணெய் காற்றை ஏற்று இறுக நாட்கள் ஆகும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைந்தும் மேற்பூச்சில் மிகுந்தும் இருத்தல் வேண்டும். முறை மாறினால் மேற்பூச்சு வெடிக்கும். இவற்றைச் சொல்லிக் கொடுத்தாலும் கை வழியாகவே மனம் ஏற்கும்.

ஸ்பெயின் நாட்டுக் கோயா 1778இல் வெலாஸ்கெஸின் ஓவியங்களைச் செப்புத்தகட்டில் படியெடுத்தார். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்தே பறவையும் பூனைகளும் சூழச் செவ்வாடைச் சிறுவனை வரைந்தார். கவிஞர்க்கு இது புதிதன்று. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடப் பழக்கிய ஆசிரியர்கள் நமக்கும் இருந்தனர். அம்மாணாக்கனைத் திருடன் என்று எவரும் சொன்னதில்லை.

ஆறுமுகம் பிள்ளை ஒளிந்து கற்பிக்க நேர்ந்த அந்த வித்தை, கோவில்பட்டியில் பட்டறைக் கல்வியாகிவிட்டது. அங்கிருந்து வந்த சில அச்சுப்படங்களில் ஆசிரியர் பெயரும் சீடர் பெயரும் அருகருகே உள்ளன.