தொப்புளில் மூலிகை வைத்தால் மலச்சிக்கல் தீருமா? எலி ஆய்வுகள் சொல்வது இதுதான்!

குழந்தைக்கு வயிறு கட்டிக்கிட்டா தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுவது, செஞ்சி முதல் திருநெல்வேலி வரை பாட்டிகளின் கைவைத்தியம். சீனாவிலும் இதுபோல ஒரு முறை உண்டு. மூலிகைப் பொடியைக் குழைத்து, தொப்புளில் உள்ள 'ஷென்சுவே' என்ற அக்குபஞ்சர் புள்ளியில் பற்றுப் போடுவார்கள்.

எலிகளிடம் எப்படிச் சோதிக்கிறார்கள்?

வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மருந்தைக் கொடுத்து, எலிக்கு மலச்சிக்கலை வரவைக்கிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு புழுக்கை எண்ணிக்கை, அதிலுள்ள ஈரம், குடலில் கரித்தூள் நகரும் தூரம் ஆகியவற்றை அளக்கிறார்கள்.

மூலிகையில் என்ன இருக்கு?

சீன மருத்துவத்தில் மலச்சிக்கலுக்குப் பேர்போனது ருபார்ப் வேர். அதிலுள்ள சென்னோசைடு, நம்ம திருநெல்வேலி நிலவாகையிலும் இருக்கு. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை மாற்றிய பிறகுதான் பேதியாகும். விளக்கெண்ணெயும் குடலில் செரித்த பிறகே வேலை செய்யும். தோலில் தடவினால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

அப்போ மனுஷங்களுக்கு?

எலியின் தோல் மெல்லியது. மருந்து எளிதாக ஊடுருவும். அதன் மலச்சிக்கலும் மருந்தால் வந்தது. நமக்கோ நார்ச்சத்துக் குறைவு, தைராய்டு, சர்க்கரை நோய், சில மாத்திரைகள் எனக் காரணங்கள் பல. எலிக்குப் பலித்தது முதல் படி மட்டுமே.

எப்போது மருத்துவரைப் பார்க்கணும்?

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, வாந்தியோடு வயிறு உப்பி காற்றுகூடப் பிரியாத நிலை, குழந்தை பால் குடிக்க மறுப்பது. இதில் ஒன்று இருந்தாலும் பற்றுப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்க.