எஸ்பொசித்தோ: ஒரு குடும்பப் பெயரின் சமூக வரலாறு

குடும்பப் பெயர்களின் தோற்றத்தை ஆராய்வோர் அவற்றைத் தொழில், ஊர், தந்தை பெயர், உடற்குறி என வகுத்துக் கூறுவது வழக்கம். இத்தாலியிற் கொல்லர் வழியினர் பெராரி எனவும், செந்நிற முடியினர் வழிவந்தோர் ரொஸ்ஸி எனவும் பெயர்பெற்றமை இவ்வகுப்புக்கு அமைவதே. ஆயின் நேப்பிள்ஸ் நகரிற் பெருவழக்கிலுள்ள எஸ்பொசித்தோ என்னும் பெயர் இவற்றுள் எதனுள்ளும் அடங்குவதன்று. 'வெளியே வைக்கப்பட்ட' எனப் பொருள்படும் எக்ஸ்பொசித்துஸ் என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்த இப்பெயர், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இடப்பட்டதாகும்.

14 ஆம் நூற்றாண்டில் தோன்றிய அனுன்சியாத்தா தேவாலயத்தைச் சார்ந்த இல்லமே நேப்பிள்ஸில் இக்குழந்தைகளை ஏற்றது. அதன் சுவரில் மரத்தாலான சுழலுருளையொன்று பொருத்தப்பட்டிருந்தது. தெருவில் நிற்பவர் குழந்தையை அதனுள் இட்டுத் திருப்ப, கொணர்ந்தவர் முகம் அறியப்படாமலே குழந்தை உள்ளே சென்றுவிடும். உள்ளே அதற்குத் திருமுழுக்கும் பெயரும் கிடைத்தன. பின்னர் பாலூட்டும் தாயொருத்தியிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தகைய இல்லங்களிற் சேர்ந்த சிசுக்களுட் பெருந்தொகையினர் ஓராண்டு நிறையுமுன்னரே மாண்டனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இன்று இப்பெயரைத் தாங்குவோர் பெரும்பாலும் தப்பிப் பிழைத்த சிலரின் வழியினரே.

பிற நகரங்களிலும் இவ்வழக்கு நிலவிற்று. புருனலெஸ்கி வடிவமைத்து 1445 இல் திறக்கப்பட்ட புளோரன்ஸ் இல்லத்தின் பிள்ளைகள் இன்னொசெந்தி (மாசற்றோர்) எனப்பட்டனர். உரோமில் புரொயெத்தி, அதாவது எறியப்பட்டோர். மிலானில் மருத்துவமனையின் சின்னமாகிய புறாவைக் கொண்டு கொலொம்போ என்றனர். ஒரு நகரம் அன்போடும் மற்றொன்று இரக்கமின்றியும் பெயரிட்டதாகத் தோன்றினும், பெயர் காட்டிக்கொடுத்தது ஒன்றையே.

கைவிடுதலைத் தாயரின் ஒழுக்கக் கேடாகக் காட்டுவது அக்காலத்தார் வழக்கம். சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. 19 ஆம் நூற்றாண்டு மிலானில் முறைப்படி மணந்த ஏழைத் தொழிலாளரே தம் குழந்தைகளைப் பெருந்தொகையாக இல்லத்தில் விட்டனர். புளோரன்சிற் சிலர் பதக்கமொன்றைப் பாதியாக வெட்டிக் குழந்தையோடு வைத்து, மறுபாதியைத் தம்மிடம் வைத்திருந்தனர். என்றேனும் மீட்டுக்கொள்ளும் எண்ணமின்றி எவரும் இவ்வாறு செய்யார். மணமாகாத தாயரின் நிலையோ வேறு. 1865 இன் குடியியற் சட்டக்கோவை தந்தையைத் தேடி நிறுவுவதைப் பொதுவாகத் தடைசெய்தது. சொத்துரிமையைக் காத்த அச்சட்டம் ஆணைப் பொறுப்பினின்று விடுவித்தது. களங்கம் பெண்மீதும், பெயர்வழியே பிள்ளைமீதும் வீழ்ந்தது.

1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸை ஆண்ட முரா இப்பெயரை இடுவதைத் தடுத்தார். எனினும் அதனை ஏற்கனவே பெற்றோரின் சந்ததி பெருகிக்கொண்டே சென்றது. சுழலுருளை 1875 இல் மூடப்பட்டது. பெயர் மாறினும் பதிவேடு மாறவில்லை: தந்தை அறியப்படாதோரின் ஆவணங்களில் 'பெயர் அறியேன்' என்பதன் குறுக்கமான இரண்டெழுத்து நெடுங்காலம் இடம்பெற்றது. பெற்றோர் பெயரைப் பொது ஆவணங்களிலிருந்து நீக்கும் சட்டம் 1955 இலேயே இயற்றப்பட்டது.