மூன்று இடர்களும் நம் மூன்று தீர்மானங்களும்



1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள், 1997-இல் மகளிர் திட்டம் வந்தபின் எல்லா மாவட்டங்களுக்கும் பரவின. நாகைக் கடலோரத்தில் நாம் சேமிப்பும் கருவாட்டு வியாபாரமுமாகக் கால் ஊன்றும் நேரத்தில் 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது.

கூடையும் போனது, கணக்கு நோட்டும் போனது. "நோட்டு போச்சுன்னா குழுவே போச்சுக்கா" என்று அழுதார்கள். எல்லோரையும் உட்காரவைத்து, அவரவர் சேமிப்பையும் கடனையும் சொல்லச் சொல்லித் திரும்ப எழுதினோம். அன்று போட்ட முதல் தீர்மானம்: கணக்குக்கு இரண்டு பிரதி, ஒன்று உள்ளூரில், ஒன்று கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்க் குழுவிடம்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. நம் மசாலாக் கூடத்தின் தகரக் கூரை பறந்தது, கரண்டும் இல்லை. கணக்கு தப்பியது. ஆனால் மிளகாய் தருபவர், சரக்கு எடுக்கும் கடைக்காரர் நம்பரெல்லாம் ஒரே சகோதரியிடம் இருந்தன. அவர் முகாமில் இருந்தார். இரண்டாம் தீர்மானம்: எந்த வேலையும் இரண்டு பேருக்குத் தெரியணும். மூன்றாவது: லாபத்தில் ஒரு பங்கு அவசர நிதிக்கு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அந்த நிதியிலிருந்துதான் கூலி கொடுத்தோம். தையல் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்து முகக்கவசம் தைத்தார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களே, அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்: நம்ம நோட்டோட இன்னொரு பிரதி எங்கே இருக்கு?