படத்தின் வயது முத்திரை: கத்தோலிக்கப் பெற்றோர் எதைப் பார்க்க வேண்டும்?

ஈப்போ திரையரங்கில் குடும்பத்தோடு தமிழ்ப் படம் பார்க்கப் போகும் பெற்றோர் பலருக்கு வயது முத்திரை குழப்பம் தருகிறது. இந்தியாவில் ‘யு/ஏ 13+’ சான்றிதழ் பெற்ற படம் இங்கே வேறு முத்திரையுடன் வரலாம். இரு நாடுகளிலும் தணிக்கை அமைப்புகள் வெவ்வேறு. நம் நாட்டில் செல்லுபடியாவது, உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் திரைப்படத் தணிக்கை வாரியம் தரும் முத்திரை மட்டுமே.

2023இல் மாற்றியமைக்கப்பட்ட வகைகள் இவை:

யு – எல்லா வயதினரும் பார்க்கலாம்.
பி12 – 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் வழிகாட்டுதல் தேவை.
13, 16, 18 – அந்தந்த வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு.

எந்த வயதினர் பார்க்கலாம் என்பதை மட்டுமே முத்திரை சொல்கிறது. படம் நல்லதைச் சொல்கிறதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைத் திருச்சபை நெடுநாளாகக் கேட்டு வருகிறது. திருத்தந்தை 11ஆம் பயஸ் 1936இல் சினிமா பற்றித் தனிச் சுற்றுமடல் எழுதி, படங்களை ஆராய்ந்து வகைப்படுத்தும் அலுவலகத்தை நாடுதோறும் அமைக்குமாறு ஆயர்களைக் கேட்டுக்கொண்டார். அமெரிக்க ஆயர்கள் பேரவை வகுத்த முறையில் ஏ-1 எல்லாருக்கும், ஏ-2 பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும், ஏ-3 பெரியவர்களுக்கு. ‘எல்’ பெரியவர்களிலும் சிலருக்கே ஏற்றது. ‘ஓ’ என்றால் ஒழுக்கநெறிக்குப் புறம்பானது. இது சட்டமன்று, மனச்சான்றுக்கு ஒரு துணை.

இரண்டு அளவுகோல்களும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ‘தி பேஷன் ஆஃப் த கிரைஸ்ட்’ படத்துக்கு, வன்முறைக் காட்சிகளால் 2004இல் அமெரிக்காவில் ‘ஆர்’ முத்திரை விழுந்தது. மலேசியாவில் முதலில் தடுக்கப்பட்டு, பின்னர் கிறிஸ்தவர்கள் மட்டும் பார்க்க அனுமதி கிடைத்தது. கடுமையான முத்திரை பெற்ற படம் விசுவாசத்தைத் தொடலாம். ‘யு’ முத்திரைப் படம் தீய பழக்கத்தைச் சிரிப்பாக்கி விட்டுப் போகலாம்.

தோட்டத்துத் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில் வயது கேட்டு யாரும் தடுத்ததில்லை. ஆனால் லயத்துப் பெரியவர்கள் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இன்று பிள்ளை கைப்பேசியில் தனியாகப் பார்க்கிறது. இணையத் திரைத் தளங்களின் படங்கள் தணிக்கை வாரியத்துக்குப் போவதில்லை. வயது வரம்பை அந்தத் தளங்களே குறிக்கின்றன. பிள்ளைக்குத் தனிக் கணக்கும் பெற்றோருக்குக் கடவுச்சொல்லும் வைப்பது முதல் படி.

அது மட்டும் போதாது. எல்லாவற்றையும் கண்காணித்துக்கொண்டே இருக்க முடியாது, சரியாகத் தேர்ந்தெடுக்கப் பிள்ளையைப் பழக்குவதே வளர்ப்பு என்பது 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பங்களுக்கு எழுதிய மடலின் கருத்து. படம் முடிந்ததும் வீட்டில் மூன்று கேள்விகளைப் பேசலாம்:

வெட்டுக்குத்தைப் படம் கொண்டாடுகிறதா, அதனால் வரும் இழப்பைக் காட்டுகிறதா?
விருப்பமில்லாத பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்கிறதா?
குடியை வீரமாகவோ வேடிக்கையாகவோ ஆக்குகிறதா?

குடியால் நொந்த குடும்பங்களைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் பார்த்தவர்களுக்கு மூன்றாம் கேள்வியின் கனம் தெரியும். அதை எந்த முத்திரையும் பிள்ளையிடம் கேட்காது. அப்பா அம்மாதான் கேட்க வேண்டும்.