பெயரை ‘.ஜேபிஜி’ என மாற்றினால் படமும் மாறிவிடுமா?

டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்குப் புகைப்படம் ஜேபிஜி வடிவில், 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும். ஐபோனில் எடுத்த படமோ ‘.ஹெச்இஐசி’ என முடிகிறது. “ரீநேம் பண்ணி ஜேபிஜி-னு போட்டா போதாதா?”

போதாது. கோப்புப் பெயரின் வால் வெறும் லேபிள். மிளகாய்ப்பொடி டப்பாவில் ‘மஞ்சள்’ என எழுதி ஒட்டுவது போலத்தான். உண்மையான அடையாளம் கோப்பின் முதல் சில பைட்டுகளில் இருக்கிறது. சில செயலிகள் லேபிளைப் பொருட்படுத்தாமல் உள்ளே பார்த்துத் திறந்துவிடும். அதனால்தான் ரீநேம் சில நேரம் ‘வேலை செய்வதாக’ தோன்றுகிறது.

2020 மே மாதம் அமெரிக்காவில் ஏபி தேர்வுகள் ஆன்லைனில் நடந்தன. விடைத்தாளை ஐபோனில் படமெடுத்த சில மாணவர்களின் ஹெச்இஐசி கோப்புகளைத் தேர்வுத் தளம் ஏற்கவில்லை. அவர்கள் மறுதேர்வு எழுத வேண்டியதாயிற்று.

ஏன் இத்தனை வடிவங்கள்?

அகத்தியர்கூட மலையேற்றம் தொடங்கும் போனக்காட்டில், தேயிலைச் சரிவில் இறங்கும் மூடுபனியைப் படமெடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 1987-ல் வந்த ஜிஃப் வடிவில் ஒரு படத்துக்கு 256 நிறங்கள்தான். வெண்மை மெல்லச் சாம்பலாகும் இடம் பட்டை பட்டையாகத் தெரியும்.

1992-ல் தரநிலையான ஜேபிஜி, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிட்டு அளவைக் குறைக்கிறது. பனிக்கு அதுவே பொருத்தம். இதன் அடிப்படைக் கணித முறையை 1974-ல் வெளியிட்டவர்கள் பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது, டி.நடராஜன், கே.ஆர்.ராவ் ஆகிய மூவர். நம் பாடப்புத்தகங்களில் இந்தப் பெயர்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

அதே ஜேபிஜியில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைச் சேமித்தால் எழுத்தோரங்கள் கலங்கும். அதற்கு எதையும் கழிக்காத பிஎன்ஜிதான் சரி. அது பிறந்ததற்குக் காரணம் காசு: ஜிஃப் பயன்படுத்தும் சுருக்க முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த யுனிசிஸ், 1994 இறுதியில் கட்டணம் கேட்டது. கடுப்பான நிரலாளர்கள் இலவச மாற்றாக 1996-ல் பிஎன்ஜியைக் கொண்டுவந்தார்கள்.

ஹெச்இஐசி, 2017-ல் ஐஓஎஸ் 11-உடன் ஐபோனுக்கு வந்தது. ஜேபிஜியில் ஏறக்குறைய பாதி இடம் போதும்.

‘.ஜேபிஜி’, ‘.ஜேபிஇஜி’ இரண்டும் ஒன்றே. பழைய டாஸ் கணினிகளில் வாலுக்கு மூன்று எழுத்துதான் அனுமதி என்பதால் ‘இ’ விடுபட்டது.

விண்ணப்பத்துக்கு என்ன செய்யலாம்?

ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ தேர்ந்தெடுத்தால் இனி எடுக்கும் படங்கள் ஜேபிஜியாகவே பதிவாகும். ஏற்கெனவே எடுத்ததைப் படச் செயலியில் திறந்து, ஜேபிஜியாக ‘எக்ஸ்போர்ட்’ செய்யுங்கள். பிறகு கேபி அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.